வருகிறவருக்கு ஒரு பிடி

கோலா சிலாங்கூர்
5.5.2024

அன்பு அக்காவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல், இங்கே நல்லது கிடைக்கிறது. எனக்குக் கொசுவைத் தவிர ஒரு குறையும் இல்லை. ராவாங்கில் ஷர்வின், மருமகள் பிரமிளா, பேரப்பிள்ளைகள் மூவர், உன் இளையவன் தீபன் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

ஒப்புக்கொண்டபடி முதல் கடிதம். ஃபோனில் பேசினால் நாலாவது நிமிடம் சண்டை பிடிக்கிறோம், அதுவும் உன் வீட்டு ஸ்பீக்கரில். "எழுதுடி, எழுதினா மாத்திப் பேச முடியாது" என்று நீதான் சொன்னாய். தீபாவளி வரை நான் தனியாக இருந்து பார்க்கலாம். என்ன சமைத்தேன், என்ன கொட்டினேன் என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். ஒருத்திக்குச் சமைத்துச் சாப்பிட முடியாமல் பட்டினி கிடந்தாலோ கொட்டிக்கொண்டே இருந்தாலோ, அறையைக் காலி செய்துவிட்டு உன் மகன் வீட்டுக்கு வந்து, உனக்குப் பதிலாக அடுப்படியில் நிற்க வேண்டும். நிபந்தனையைச் சரியாக எழுதிவிட்டேனா?

அக்கா, நாற்பத்தொன்பது வயதில் முதல் முறையாக என்னிடம் ஒரு சாவி இருக்கிறது. எஸ்டேட் லயத்து வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த வரை நாம் கதவையே பூட்டியதில்லை. இப்போது வேலை செய்யும் ஹார்ட்வேர் கடைக்கு மேல் மாடியிலேயே அறை. ஒரு கேஸ் அடுப்பு, முதலாளி தவுக்கே பாதி விலைக்குக் கொடுத்த சின்ன ஃப்ரிட்ஜ், மலாவத்தி குன்றைப் பார்த்த ஜன்னல். வேலை முடிந்து படியேறும்போது இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்க ஆள் இல்லை. நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குச் சிரிப்பாக வருகிறது.

சரி, உண்மைக்கு வருகிறேன். சனிக்கிழமை அம்மாவின் பெரிய பானையை ஏற்றினேன். இரண்டு பால் டின் அரிசி, பழக்கப்படி மேலே ஒரு பிடி. சாம்பார், கோபிஸ் பொரியல். மூன்று வேளை தின்றும் முடியவில்லை. கொட்டியது: சோறு இரண்டு தட்டு, புளித்துப்போன சாம்பார் அரைச் சட்டி.

நீ இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?

உன் தங்கை,
விஜயராணி

*

ராவாங்
14.5.2024

அன்புள்ள ராணி,

உன் கடிதம் கிடைத்து இரண்டு நாள் ஆகிறது. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் தன்பாட்டுக்கு இருக்கிறது. உனக்குக் கொசு கடிக்கிறது என்றால் சன்னலுக்கு வலை போடு, கடைக்கு மேலே இருந்துகொண்டு வலை இல்லை என்று சொல்லாதே.

அரைச் சட்டி சாம்பாரைக் கொட்டினாளாம், அதையும் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள். ஒரு ஆளுக்குச் சமைப்பது ஒரு சமையலா? பருப்பு வேகிற நேரத்துக்குக்கூடக் கட்டாது. என் வீட்டைப் பார். ஏழு பேர். ஷர்வினுக்கு முள் இல்லாத மீன். பிரமிளா இரவில் சோறு தொடமாட்டாள், அவளுக்குச் சப்பாத்தி. தீபன் கோழி இல்லாமல் உட்காரமாட்டான். பெரியவனுக்கு முட்டை மஞ்சள் ஆகாது, நடுவுளாளுக்கு வெள்ளை ஆகாது, சின்னவன் எதையும் பாதிதான் தின்பான். இவ்வளவுக்கும் என் வீட்டுக் குப்பை வாளியில் ஒரு பருக்கை பார்க்க முடியாது. வந்து பார்த்துக்கொள்.

ஸ்டோர் ரூமைக் கழுவி வைத்திருக்கிறேன். உனக்குத்தான்.

அக்கா,
அமராவதி

*

கோலா சிலாங்கூர்
27.5.2024

அக்காவுக்கு ராணி அன்போடு எழுதுவது,

வலை போட்டுவிட்டேன். நன்றாகத் தூங்குகிறேன், நீயும் நன்றாகத் தூங்க வேண்டும்.

இந்த மூன்று வாரத்தில் நான் கற்றுக்கொண்டதை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. முதலில் சந்தை. ஒரு கெம்போங் மீன் கேட்டேன். மீன்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பூனைக்கா என்று மலாயில் கேட்டார். எனக்குத்தான் என்றேன். இப்போது என்னைப் பார்த்ததும் ஒரு மீனை எடுத்துத் தனியாக வைக்கிறார், வாலைத் தூக்கிக் காட்டுகிறார். கங்கோங் கீரை ஒரு கட்டு வாங்கினால் இலை இன்றைக்குப் பிரட்டல், தண்டு நாளைக்கு நெத்திலி சம்பலில். தேங்காய் வாங்கினால் ஒரே நாளில் பாலைப் பிழிந்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறேன். ஒரு குழம்புக்கு இரண்டு கட்டி. பருப்பை மொத்தமாக வேகவைத்து மூன்று பொட்டலமாக உள்ளே தள்ளிவிட்டேன். அம்மாவின் பானை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எட்டு வெள்ளிக்கு ஒரு சின்னச் சட்டி வாங்கியிருக்கிறேன் அக்கா, உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம்.

கொட்டியது: அரைக் கோபிஸ், அழுகல். வாழைப்பழம் ஒரு சீப்பு. அதை நான் கொட்டவில்லை, குன்றிலிருந்து வந்த குரங்கு ஜன்னல் வழியாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஆனால் தினமும் சோறு மிஞ்சுகிறது. ஏன் என்று நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். முக்கால் டின் அரிசி எனக்குச் சரியாக இருக்கிறது. அளந்து போட்ட பிறகு என் கை தானாகப் போய் இன்னொரு பிடி அள்ளிப் போடுகிறது. அம்மா போட்டது போலவே. "யாராச்சும் வருவாங்கடி, வரவங்களுக்கு ஒரு பிடி" என்பாளே. வேலை மேற்பார்க்கும் மண்டோரின் மனைவியோ, சீட்டுக்காரரோ, எவராவது வரத்தான் செய்தார்கள். இங்கே யாரும் வருவதில்லை. அந்தப் பிடியைப் போடாமல் இருக்க மனம் வரவில்லை. போட்டால் கொட்ட வேண்டியிருக்கிறது. இதிலேயே தோற்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

போன கடிதத்தில் ஏழு பேருக்கும் என்ன சமைத்தாய் என்று எழுதியிருந்தாய். ஆறு பேர் சாப்பிட்டதுதான் அதில் இருந்தது. நீ என்ன சாப்பிட்டாய்?

ராணி

*

ராவாங்
15.6.2024

ராணிக்கு,

பள்ளி லீவு. மூன்றும் வீட்டில். அதனால்தான் தாமதம். சுகமாக இருக்கிறாய் அல்லவா, இரு.

அந்தப் பிடியை விட்டுவிடு. அம்மா காலம் வேறு. இரும்புக் கடை மாடிப்படி ஏறி உன்னைத் தேடி யார் வரப் போகிறார்கள்?

குரங்கு தின்றதும் கணக்கில் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்தது நீ.

அமராவதி

*

கோலா சிலாங்கூர்
29.6.2024

அன்பு அக்கா,

இருமல் வந்து போய்விட்டது, கவலைப்படாதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் கோபமாக இருந்தேன். யார் வரப் போகிறார்கள் என்று எழுதினாயே, அது வலித்தது. பிறகு அரிசி அளக்கப் போனேன், வழி கிடைத்துவிட்டது.

பிடியை விடவில்லை. வேகவைக்கவும் இல்லை. அள்ளி ஒரு காலி மைலோ டின்னில் போட்டு மூடிவிட்டேன். தினமும் ஒரு பிடி, காய்ந்த அரிசியாகவே. யாராவது வந்தால் அந்த டின்னிலிருந்து உலை வைப்பேன். வரும் வரை அது கெடப்போவதில்லை. என் கைக்கும் திருப்தி, சட்டியிலும் மிச்சமில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை, கடையில் கூட வேலை செய்யும் குமுதாவிடம் சொன்னேன், அவள் ஆணிப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அக்கா, நீங்க லாட்ரி அடிச்ச மாதிரி பேசுறீங்க லா" என்றாள்.

இனிக் கேள். சார்டின் ஒரு டின், மூன்று நாள். முதல் நாள் வெங்காயம் போட்டுச் சம்பல். இரண்டாம் நாள் மீந்ததை ரொட்டிக்குள் வைத்துச் சுட்டேன். மூன்றாம் நாள் டின்னோடு ஒட்டிய குழம்பில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினேன், அதுதான் மூன்றிலும் ருசி. பறங்கிக்காய் ஒரு கீற்று: சதை கூட்டு, தோல் துவையல், விதை ஜன்னலில் காய்கிறது. இந்த முறை ஜன்னல் மூடியிருக்கிறது. கடைக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம், கேட்பாரில்லாமல் நிற்கிறது. கீரையை உருவி ஒரே ஒரு முட்டையோடு வதக்கித் தின்றேன்.

கொட்டியது: ஒன்பது நாளாக ஒன்றுமில்லை. வெங்காயத் தோலும் மீன் முள்ளும்தான் வாளியில்.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். நீ என்ன சாப்பிட்டாய்?

ராணி

*

ராவாங்
20.7.2024

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாரும் நலம். கிளினிக்குக்குப் போய் வந்தேன், சர்க்கரை ஏறியிருக்கிறதாம். டாக்டரும் உன்னைப் போலவே என்ன சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார். என்ன கேள்வி இது? இருப்பதைச் சாப்பிடுவேன்.

விவரமாக வேண்டும் என்றால் எழுதுகிறேன். காலையில் பிள்ளைகள் விட்டுப்போன ரொட்டி ஓரம். பெரியவன் ஒதுக்கும் மஞ்சளும் நடுவுளாள் ஒதுக்கும் வெள்ளையும் சேர்ந்தால் எனக்கு ஒரு முட்டை. மத்தியானம் நேற்றைய சோறு. ராத்திரி எல்லாரும் எழுந்த பிறகு எந்தச் சட்டியில் என்ன இருக்கிறதோ அது. சின்னவன் பாதி தின்ற கோழி நக்கெட், பிரமிளா மூடி வைத்த சப்பாத்தி. இப்படி இருந்தால்தான் வாளி காலியாக இருக்கும். வீண் செய்யாமல் இருப்பது எப்படி என்று நீ என்னிடம்தான் படிக்க வேண்டும்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம். ஸ்டோர் ரூமுக்கு மின்விசிறி போடச் சொல்லியிருக்கிறேன்.

முருங்கைக் கீரைக்கு ஒரே ஒரு முட்டை என்றாயே, அது எப்படிப் போதும்? சும்மாதான் கேட்கிறேன்.

அமராவதி

*

கோலா சிலாங்கூர்
24.7.2024

அக்கா,

நலம் விசாரிக்க இன்றைக்குப் பொறுமை இல்லை. உன் கடிதத்தைக் கடையில் நின்றே படித்தேன்.

உன் வீட்டுக் குப்பை வாளி ஏன் காலியாக இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் வாளி நீதான். கொட்ட வேண்டியதையெல்லாம் உன் வயிற்றில் கொட்டிக்கொண்டு, வீணாகவில்லை என்கிறாய். சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? ஏழு பேருக்குச் சமைக்கிறேன் என்று எழுதினாய். நீ ஆறு பேருக்குத்தான் சமைக்கிறாய்.

அந்த ஸ்டோர் ரூமை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே வந்தால் நானும் இரண்டாவது வாளி ஆகிவிடுவேன். அதனால்தான் இந்த அறைக்காக இப்படி மல்லுக்கு நிற்கிறேன். இதை மே மாதமே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் இல்லை.

கீரை ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம் மூன்று, காய்ந்த மிளகாய் ஒன்று. கீரை சுருண்ட பிறகு முட்டையை ஊற்றிக் கிளறு. ஒருத்திக்கு ஒரு முட்டை போதும். முழு முட்டை.

ராணி

*

கோலா சிலாங்கூர்
1.9.2024

அன்பு அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா? மருந்து சாப்பிடுகிறாயா?

ஃபோன் செய்தேன். பிரமிளாதான் எடுத்தாள். நீ குளிக்கிறாய் என்றாள், பிறகு அவளாகவே சொன்னாள்: "சின்னத்தை, நான் எத்தனையோ வாட்டி தட்டு வச்சுக் கூப்பிட்டுட்டேன். அப்புறம் சாப்புடுறேன்னுதான் சொல்வாங்க. இப்ப நானும் கேக்குறதை விட்டுட்டேன்." அவள் குரல் உடைந்திருந்தது. அவளைத் தப்பாக நினைத்துவிட்டேன்.

வாளி என்று எழுதியிருக்கக் கூடாது. அந்த ஒரு சொல்லுக்கு மன்னித்துக்கொள். மற்றதை மாற்றமாட்டேன்.

டின் முக்கால் வரை ஏறிவிட்டது. கொட்டியது: ஒன்றுமில்லை. சொன்னால் நீ சந்தோஷப்படுவாயா என்றுகூட இப்போது தெரியவில்லை.

ராணி

*

ராவாங்
22.9.2024

ராணிக்கு,

சுகம்தான். சர்க்கரை ஒரு புள்ளி இறங்கியிருக்கிறது.

உன் ஜூலை மாதக் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். யாராவது பொறுக்கிப் படித்துவிடுவார்கள் என்று அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். அது வம்பாகிவிட்டது. அரிசி அளக்கும்போதெல்லாம் உன் எழுத்து தெரிகிறது. அறுபது நாள் அப்படி.

போன செவ்வாய்க்கிழமை வீட்டில் யாரும் இல்லை. எனக்கென்று ஏதாவது சமைக்கலாம் என்று தாளிக்கிற கரண்டிச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தேன். என்ன சமைப்பது? ஷர்வினுக்குப் பிடித்தது தெரியும், தீபனுக்குப் பிடித்தது தெரியும், செத்துப்போன உன் அத்தானுக்கு எது பிடிக்கும் என்று இன்றைக்கும் ஒப்பிப்பேன். எனக்கு என்ன பிடிக்கும்? நின்று யோசித்தேன். சட்டி காய்ந்து புகைந்தது. அணைத்துவிட்டு நேற்றைய சோற்றையே தின்றேன்.

உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதே. நிபந்தனை நிபந்தனைதான். காகிதத்தில் யாரும் எதையும் எழுதலாம். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் வந்து உன் வாளியைத் திறந்து பார்ப்பேன். எந்த நாள் என்று சொல்லமாட்டேன்.

அமராவதி

*

கோலா சிலாங்கூர்
20.10.2024

அன்பு அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? இரண்டு பஸ் மாறியதில் முழங்கால் வீங்கவில்லையே? குடையை விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

நேற்று நடந்ததை நான் எழுதிவைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன். மணி ஒன்று. என் சின்னச் சட்டிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிறேன், கதவு தட்டுகிறது. நீ மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாய். வா என்று சொல்லக்கூட விடவில்லை, நேராகப் போய் வாளியைத் திறந்தாய். முட்டை ஓடு, கத்தரிக்காய்க் காம்பு. ஃப்ரிட்ஜைத் திறந்தாய். பருப்புப் பொட்டலத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தாய். ஐஸ் தட்டை மோந்து பார்த்தாய். ஹார்ட்வேர் கடைக்கு வருகிற ஆபீஸர்கூட இவ்வளவு சோதனை போட்டதில்லை.

அப்புறம் என் வெறும் சட்டியைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒன்னும் வேணாம், மிச்சம் இருந்தா குடு" என்றாய். மிச்சம் இல்லை அக்கா. நாலு மாதமாக என்னிடம் மிச்சம் இல்லை. டின்னை எடுத்து உன் முன்னால் வைத்து, இது நீ வருவாய் என்று சேர்த்த அரிசி, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். நீ பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் உலை கொதித்துவிட்டது.

"கருவாட்டுக் கொழம்பு" என்றாய். "கத்தரிக்கா போட்டு. எனக்கு மொதச் சோறு வேணும், சுடச்சுட. மேலாப்புல எடுத்தது."

குமுதா கொடுத்த பாகான் நக்கோடா ஓமார் ஊர்க் கருவாடு இரண்டு துண்டு இருந்தது, என் அதிர்ஷ்டம். நீ சாப்பிடும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ அழுவதைப் பார்த்தால் நானும் அழுதிருப்பேன்.

சட்டியை நீயே வழித்துவிட்டு, தீர்ப்பைச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். இன்றோடு தீபாவளிக்குப் பதினோரு நாள். அறை எனக்கா, ஸ்டோர் ரூமா? எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காத சோற்றையும் கொட்டவில்லை, தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

ராணி

*

ராவாங்
4.11.2024

என் ராணிக்கு,

தீபாவளிப் பலகாரம் தனியாக அனுப்பியிருக்கிறேன். முறுக்கு எட்டுத்தான் இருக்கும். ஒருத்திக்கு எட்டுப் போதும். சர்க்கரை இன்னும் இரண்டு புள்ளி இறங்கியிருக்கிறது, டாக்டர் கையைக் குலுக்கினார்.

தீர்ப்பு சொல்லாமல் வந்ததற்குக் காரணம் உண்டு. குறை கண்டுபிடிக்கத்தான் வந்தேன். ஒரு அழுகின தக்காளி கிடைத்திருந்தால் போதும், அன்றைக்கே உன் துணியை மூட்டை கட்டியிருப்பேன். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த அடுப்படியில் நிறுத்திவிட்டால் நான் கொஞ்சம் உட்காரலாம் என்று ஆசை. உனக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். எனக்காகத்தான். பஸ்ஸில் வரும்போது இதை நினைத்து வெட்கமாக இருந்தது. கையை மோந்து பார்த்தேன், கருவாட்டு வாசம். அந்த வாசம் போய்விடும் என்று வீட்டுக்கு வந்தும் சோப்புப் போடவில்லை.

தீபாவளி அன்றைக்கு விடியலில் எண்ணெய் வைத்து, சாமி கும்பிட்டு, இட்லி அவித்து, ஆட்டிறைச்சிக் குழம்பு இறக்கினேன். எல்லாரும் வந்து உட்காரும் முன்னால் ஒரு தட்டை எடுத்தேன். முதல் ஈடு இட்லி நாலு, குழம்பில் மேலாக மிதந்த நல்ல துண்டு மூன்று. மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். வீடே நின்றுவிட்டது. ஷர்வின் ஓடி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறான். "ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்கிறான். முப்பத்தாறு வயதுப் பிள்ளைக்கு அம்மா முதலில் சாப்பிட்டால் நோய் என்று தோன்றுகிறது. அப்படிப் பழக்கியது நான்தான்.

பிரமிளா தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பசங்களா, அவங்கவங்க போட்டுக்குங்க" என்றாள்.

அறை உனக்குத்தான். ஸ்டோர் ரூம் மின்விசிறியைக் கழற்றி அடுப்படியில் மாட்டச் சொல்லிவிட்டேன். அந்த டின்னை மட்டும் நிறுத்தாதே. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை உன் படியேற ஒரு ஆள் இருக்கிறது, முழங்கால் எப்படி இருந்தாலும்.

மே மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாயே, இன்றைக்குச் சொல்கிறேன். நான் மத்தியானம் முருங்கைக் கீரையும் ஒரு முட்டையும் சாப்பிட்டேன். முழு முட்டை. சோறு, எனக்கென்று முக்கால் டின்.

பிள்ளைகள் ராத்திரி பாதி நக்கெட்டும் கொஞ்சம் சோறும் விட்டுவிட்டுப் போனார்கள். டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். மேலே பெரிய எழுத்தில் ஷர்வின் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், அவனுடைய காலைச் சாப்பாடு.

உன் அக்கா,
அமராவதி